நிறுத்த பிறகு ஒரு சிட்டிகை

இன்று காலை என் மருந்தறைக்குக் கொழும்பிலிருந்து வந்த மரப்பெட்டியைத் திறந்தபோது, அதிமதுரப் பொடி இருந்த தகரத்தின் மூடி தளர்ந்திருந்தது. வைக்கோல், புட்டிகள், பஞ்சு எல்லாவற்றின் மேலும் மஞ்சள் தூசு படிந்திருந்தது. கையை உள்ளே விட்டதும் மணம் மேலே ஏறியது. ஈர மாத்திரைகள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க அந்தப் பொடியில்தானே புரட்டி எடுப்போம். எண்ணெய் தேய்த்துக் குளித்த பிறகும் உன் விரல்களிலிருந்து அந்த மணம் போகாது. பெட்டியை அப்படியே வைத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். எங்கே அனுப்புவதென்று தெரியாத மடல்தான். ஆனாலும் எழுதி முடிக்காமல் இன்று என்னால் தராசைத் தொட முடியாது.

பதுளை ஆஸ்பத்திரியின் மருந்தறையில் அப்போது நாம் இருவர்தான் பெண்கள். நீ பசறைக் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தவரின் மகள். நான் மடுல்சீமைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்னும் வரிசை வீட்டில் பிறந்தவள். மிஷன் பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரிகள் விடாமல் இழுத்துக்கொண்டு வந்ததால் படித்தவள். நான்கு பேர் சேர்ந்து நின்றால் எனக்குக் குரல் எழும்பாது. வகுப்பில் கேள்வி கேட்டால் விடையை உன் காதில் சொல்வேன். நீ அதை உரக்கச் சொல்லிவிட்டு, "இது என் விடை இல்லைங்க, பக்கத்துல நிக்கிற ஊமைச்சியோட விடை" என்று முடிப்பாய். எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குள் நான் ஒளிந்துகொள்வேன்.

ஊவா மாகாணத்துத் தோட்டத் துரைமாரும் டாக்டர்மாரும் சேர்ந்து, மருந்து கலக்கும் தொழிலில் சிறந்தவர் என்று ஆண்டுக்கு ஒருவருக்கு வெள்ளிப் பதக்கம் கொடுத்து வந்தார்கள். பதக்கம் பெறுகிறவருக்குக் கொழும்பில் ஓராண்டு உதவிச் சம்பளத்தோடு மேற்படிப்பு. பெண்களையும் சேர்க்கலாம் என்று அவர்கள் இணங்கிய முதல் வருடம் அது. அதற்குள் உன் அப்பா உனக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டிருந்தார். பதக்கம் கிடைத்தால் கொழும்பு, கிடைக்காவிட்டால் தையில் கல்யாணம் என்று தீர்த்துச் சொல்லிவிட்டாராம். இதை நீ சிரித்துக்கொண்டுதான் என்னிடம் சொன்னாய். ஆனால் சொல்லி முடிக்கும்வரை மருந்து அரைக்கும் கல்வத்தை, அது காய்ந்த பிறகும், துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாய். எனக்கும் வேறு வழி இருக்கவில்லை. ஒரு பெண்ணை மருந்தறையில் வைத்துக்கொள்ள எந்தத் தோட்டமும் அன்று தயாராக இல்லை. பதக்கம் இல்லையென்றால், திரும்பிப் போய் அம்மாவின் கொழுந்துக் கூடையை என் தலையில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். கடைசிச் சுற்றுக்கு நாம் இருவர் மட்டும் மிஞ்சினோம்.

அந்தத் தேர்வுக்கென்று தனியாகக் கேள்வி எதுவும் கிடையாது. மருந்துச் சரக்கின் விலை அப்படி. தோட்டங்களிலிருந்து கேட்டு வந்திருக்கும் மருந்துகளே கேள்வி. செய்து முடித்ததைப் பரீட்சகர் பார்த்து ஏற்றுக்கொண்டால், அது அப்படியே பொதி கட்டப்பட்டுத் தோட்டத்துக்குப் போய்விடும். எனக்குச் சொறிக் களிம்பும் இருமல் மருந்தும் வந்தன. உனக்கு வந்தது பலமாத்திரை. இரும்பு, கொயினா, எட்டிக்கொட்டையின் சத்து மூன்றும் சேர்ந்தது. காய்ச்சலில் இரத்தம் வற்றிப்போன பெண்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் வேண்டும் என்று கேட்டிருந்தது எங்கள் தோட்டம்.

எட்டிச் சத்து எப்படிப்பட்டதென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அளவோடு கொடுத்தால் பசியெடுக்கும், கால் பலப்படும். கொஞ்சம் மிஞ்சினால் தாடை இறுகும், உடம்பு வில்லாக வளையும். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த சின்னத் தராசின் முன்னால் நீ மூச்சை அடக்கி நின்றதை நான் என் மேசையிலிருந்து பார்த்தேன். அதற்குள் என் களிம்பு அளவுக்கு மீறி உருகத் தொடங்கியதால் அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டேன். மறுபடி நான் பார்த்தபோது நீ மாவைப் பிசைந்து, பித்தளைக் கோடுகள் வெட்டிய பலகையில் நீட்டி உருட்டிக்கொண்டிருந்தாய். மாத்திரைகள் மிளகு போல ஒரே அளவில் விழுந்தன. பரீட்சகராக இருந்த பெரிய டாக்டர் அவற்றை வெள்ளைத் தட்டில் ஓடவிட்டுப் பார்த்தார். இதைவிட நன்றாக உருட்டியதை இந்த மாகாணத்தில் பார்த்ததில்லை என்று அன்று மாலையே எல்லோர் முன்னும் சொல்லி, உன் பெயரை அறிவித்தார். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன். நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். அம்மாவின் கூடை என் கண்முன் வந்ததும் நிஜம்தான்.

மறுநாள் விடியலில் எங்கள் தோட்டத்துத் தபால்காரர் பொதியை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். பதக்கம் வாங்கின மாத்திரை என்று நம் விடுதி வாசலில் நின்று அவரிடம் பெருமையாகச் சொல்லி அனுப்பியது நீயேதான்.

அன்று காலை சரக்கு எடுக்க லாரியில் பதுளைக்கு வந்திருந்த உன் அப்பா, செய்தி கேட்டு ஒரு பை கற்கண்டோடு விடுதிக்கு வந்தார். அவருக்கு எதையும் நிறுக்காமல் கொடுக்கத் தெரியாது. கைத்தராசைத் தூக்கிப் பிடித்து, "பாப்பா சிநேகிதிங்க எல்லாருக்கும் சரிசமமா" என்று விடுதிப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் நிறுத்துத் தாளில் கொட்டினார். கொட்டிய பிறகு பைக்குள் கையை விட்டு, ஒரு சிட்டிகை எடுத்து மேலே போட்டார். நாலாவது பெண்ணுக்குப் போட்டபோது நீ கேட்டாய்.

"அப்பா, அது என்னா?"

"எதும்மா?"

"நிறுத்தப்புறம் போட்டீங்களே."

"கொசுறு. அது போடலைன்னா பசறையில எவன் நம்ம கடைக்கு வருவான்? உனக்கும் சின்னப் புள்ளையில இருந்து இதே கைதானே. நீ கல்லாவுல உக்காந்தா சனம் வரிசை கட்டி நிக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நீ உன் வலது கையைப் புரட்டிப் பார்த்தாய். பிறகு என் தோளைப் பற்றி, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாய். உன் உதடு வெளுத்திருந்தது.

"நான் போட்டேன்னு நெனைக்கிறேன்டி."

எதை என்று கேட்டேன். எட்டிச் சத்தை என்றாய். நிறுத்ததைக் கல்வத்தில் கவிழ்த்த பிறகு, புட்டியை மூடுவதற்கு முன்னால், கரண்டி இன்னொரு தடவை புட்டிக்குள் போனது போலக் கைக்கு ஞாபகம் இருக்கிறது என்றாய். மனதுக்கு இல்லை, கைக்கு மட்டும். போனதா, போன மாதிரி இருக்கிறதா என்று கேட்டேன். "அதான்டி தெரியலை" என்றாய். புட்டியை முன்கூட்டி யாரும் நிறுத்து வைக்கவில்லை. திரும்ப நிறுத்துக் கண்டுபிடிக்க வழியில்லை.

பெரிய டாக்டர் பண்டாரவளைக்குப் போயிருந்தார். மறுநாள் காலை அரசாங்கக் கச்சேரி மண்டபத்தில் பதக்கம் கொடுக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவார். தந்தி அடித்தாலும் பசறையிலிருந்து அதைத் தோட்டத்துக்குச் சுமக்கிறவர் மறுநாள்தான் நடப்பார். மாத்திரையோ அன்று மாலையே பெண்களின் வாய்க்குள் போய்விடும். எங்கள் தோட்டத்தில் மருந்து கொடுப்பது மாலையில், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில்தான். வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் சாப்பிட மாட்டார்கள் என்று டிஸ்பென்சர் ஐயா தன் கண்முன்னால் விழுங்க வைப்பார். அந்த வரிசையில் என் அண்ணியும் நிற்பாள் என்பது எனக்குத் தெரியும். அவள் பிள்ளை பெற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை.

தோட்டத்துக்கு விரைந்த லாரியில், டிரைவருக்குப் பக்கத்தில், உன் அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் நீ உட்கார்ந்திருந்தாய். விஷயத்தை அவரிடம் சொன்னாய். பசறைக்கு முந்திய வளைவுகளில் லாரி திணறியபோது குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"சத்தம் போடாமப் போயி வாங்கிட்டு வந்துருவோம். பொதி மாறிப் போச்சுன்னு சொல்லு. யாருக்கு என்னா தெரியப் போவுது? பதக்கம் பாட்டுக்குப் பதக்கமா இருக்கும். வேற மாத்திரை செஞ்சு அனுப்பிட்டாப் போச்சு."

"யாரு செய்யிறது?"

"நீதான்."

"எந்தக் கையால?"

அவர் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டார். தையில் கல்யாணம் என்று மிரட்டிய அதே மனிதர், இப்போது உன்னைவிட அதிகமாக அந்தப் பதக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். நீ என்னைப் பார்த்தாய். வாய் திறந்து கேட்கவில்லை, பார்த்தாய். உண்மையைச் சொல் என்று நான் சொன்னால், பதக்கம் எனக்கு வரும். சொல்லாதே என்றால், என் தோட்டத்துப் பெண்களின் பெயரால் ஒரு பொய்க்குத் துணை போகிறேன். எதைச் சொன்னாலும் அது என் நாக்கில் கெட்டுப்போகும் போலிருந்தது. ஆகவே, டிஸ்பென்சர் ஐயா எந்தப் பக்கம் மேசை போடுவார், எந்தக் குறுக்குப் பாதையில் ஏறினால் சீக்கிரம் போகலாம் என்பதை மட்டும் சொன்னேன். நீ தலையசைத்தாய். அதற்கு மேல் நீ என்னைப் பார்க்கவில்லை. அதை உன் பெரிய மனசு என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

பசறைக்கு மேலே ஒரு வளைவில் மண் சரிந்து பாதையை மூடியிருந்தது. லாரி நின்றது. மழை தூறத் தொடங்கியிருந்தது. நான் முன்னால் நடந்தேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நீ பின்னால் வந்தாய். தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஏறும்போது அட்டைகள் காலில் ஏறின. நீ பிடுங்க நின்றாய், நான் விடவில்லை. உன் அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு, "பாப்பா, மெதுவா" என்று பின்னாலிருந்து கூப்பிட்டுக்கொண்டே வந்தார். மேலே கொம்புச் சத்தம் கேட்டது. கொழுந்தெடுப்பு முடிந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு நாம் நடக்கவில்லை, ஓடினோம்.

மடுவத்தில் கூடைகள் வரிசையாக இருந்தன. கணக்கப்பிள்ளை தட்டில் தொங்கிய ஒவ்வொரு கூடைக்கும், ஈரம் என்று சொல்லிக் கொஞ்சம் கழித்துக்கொண்டிருந்தார். உன் கடைத் தராசில் எப்போதும் கூடும், எங்கள் தராசில் எப்போதும் குறையும். ஓரத்தில் மேசை போட்டு டிஸ்பென்சர் ஐயா உட்கார்ந்திருந்தார். முன்னால் உன் மாத்திரைப் பெட்டி திறந்திருந்தது. வரிசையின் முதலில் நின்ற என் அண்ணி சிரட்டையிலிருந்து தண்ணீரைக் குடித்துவிட்டு, வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தாள்.

"யாரும் முழுங்காதீங்க" என்றாய்.

டிஸ்பென்சர் ஐயா நிமிர்ந்து பார்த்து, பதக்கம் வாங்கின மாத்திரை என்று தபால்காரன் லயம் லயமாகச் சொல்லிவிட்டுப் போகிறானே, அதில் என்ன கோளாறு என்று கேட்டார். உன் அப்பா முன்னால் வந்து, பொதி மாறிவிட்டது என்று தொடங்கினார். நீ அவர் கையைப் பிடித்து நிறுத்தினாய்.

"மாறலைங்க. நான் செஞ்சதுதான். விஷச் சரக்கைக் கூடப் போட்டுட்டேனோன்னு சந்தேகம். போட்டேனா இல்லையான்னு எனக்கே நிச்சயமாத் தெரியலை. தெரியாததை நான் கொடுக்க மாட்டேன்."

கணக்கப்பிள்ளை தராசிலிருந்து கையை எடுத்தார். வரிசையில் வயதான ஒருத்தி கூடைக் கயிற்றைச் சரிசெய்துகொண்டே, "தோட்டத்துச் சனத்துக்குன்னா சந்தேகத்தோடயே அனுப்புவாங்க போல" என்றாள். அந்தச் சொல் உன் முகத்தில் பட்டதை நான் பார்த்தேன். பெட்டியை மூடி உன் மடியில் கட்டிக்கொண்டு, என் அண்ணியின் பக்கம் திரும்பினாய்.

அவளுக்குள் ஒன்று போய்விட்டிருந்தது. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைத்தாய். பிறகு தேநீர்க் கொட்டகையிலிருந்து கரி போலக் கறுத்த தேத்தண்ணி காய்ச்சி வரச் சொன்னாய், சீனி வேண்டாம் என்றாய். எட்டிச் சத்தைக் கட்டிப்போடத் தேயிலைத் துவர்ப்புக்கு முடியும் என்று நாம் படித்திருந்தோம். படித்ததை அப்படி ஒரு இடத்தில் செய்து பார்ப்போம் என்று நினைத்ததில்லை. அண்ணி ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "வாழ்நாள் பூரா பறிச்சுக் குடுத்தேன், இப்பிடி ஒரு தேத்தண்ணியை யாரும் எனக்கு ஊத்தலை" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "தங்கச்சி, நீ படிச்சது இதுக்குத்தானா?" என்றாள்.

நாம் இருவரும் அவளுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். நீ அவள் தாடையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாய். நான் அவள் கையைப் பிடித்திருந்தேன். குழந்தை பசியில் கத்தியது. பால் கொடுக்கலாமா என்று கேட்டாள், நீ வேண்டாம் என்றாய். அந்தக் குழந்தையின் அழுகை தேயும் வரை மடுவத்தை விட்டு ஒருவரும் போகவில்லை. மழை கனத்தது. வெளிச்சம் மங்கிய பிறகு அண்ணி எழுந்து நின்று, உடம்பை முறித்து, "எனக்கு ஒண்ணும் ஆகலை, பசிக்குது" என்றாள். வாந்தியும் தேயிலையும் காப்பாற்றினவா, மாத்திரையில் தவறே இல்லையா, யாருக்குத் தெரியும்? நீ முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாய். உன் அப்பா உன் தலையில் கைவைத்தபடி நின்றார். பதக்கத்தைப் பற்றி அதற்குப் பிறகு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் காலை கச்சேரி மண்டபத்துக்குச் சேறு படிந்த சேலையோடுதான் போனோம். வாசலிலேயே பெரிய டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாய். அவர் கோபப்படவில்லை. நிச்சயமாகக் கூடப் போட்டாயா என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றாய். ஒரு தவளைக்குக் கொடுத்து, அது விறைக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடுமே என்று நீ கேட்டபோது, அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உள்ளே துரைமார் காத்திருக்கிறார்கள், செய்தவரே திரும்பப் பெற்ற வேலைக்குப் பதக்கம் கொடுக்க விதியில் இடமில்லை, இனிச் சோதித்து என்ன ஆகப் போகிறது என்றார். பெட்டியை வாங்கி, ஆஸ்பத்திரி உலையில் போடச் சொல்லிக் கொடுத்தனுப்பினார். அந்தச் சந்தேகம் இன்றும் அப்படியே இருக்கிறது. அதைத் தீர்க்க ஒரு தவளை போதுமாயிருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளே கொதிக்கும்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். என் கால் நகரவில்லை. முதுகில் உன் கை பட்டது.

"போடி. நடக்கத் தெரியாதா?"

போனேன். தையில் உனக்குக் கல்யாணம் நடந்தது. நான் அப்போது கொழும்பில் இருந்தேன். எங்கள் லயத்தில் பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டுக்கொண்ட முதல் ஆள் நான்தான் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். உன் பட்டத்தை நான் போட்டுக்கொண்டிருக்கிறேனா, என்னுடையதையா என்று எனக்கு விளங்கியதில்லை.

ஒரே ஒரு தடவை பசறையில் உன்னைப் பார்த்தேன், அப்பாவின் கடையில். தோட்டத்துப் பெண் ஒருத்திக்குச் சீனி நிறுத்துக்கொண்டிருந்தாய். கொசுறை முதலிலேயே தாளில் போட்டுவிட்டு, அதன் பிறகு தராசைத் தூக்கினாய். நிறுத்ததைக் கொட்டியதும் கையை மடியில் வைத்துக்கொண்டாய். அவள் கொசுறு எங்கே என்று சண்டை பிடித்தாள். அடியில இருக்கு, வீட்டுல போயிப் பாரு என்றாய். என்னைப் பார்த்துச் சிரித்தாய். அந்தப் பகலைப் பற்றி நாம் பேசவில்லை. இரண்டு மாரி கழிந்து காய்ச்சலில் நீ போய்விட்டாய். செய்தி எனக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

எங்கள் தோட்டத்துப் பெண்கள் உன்னை மறக்கவில்லை. ஆனால் நீ நினைப்பது போல இல்லை. வந்த பலமாத்திரையைப் பிடுங்கிக்கொண்டு போன பசறைக்காரி என்றுதான் இன்னும் சொல்கிறார்கள். நான் விளக்கிச் சொன்னால், அண்ணிகூட, ஆமா ஆமா என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறாள். அவளுடைய அந்தக் குழந்தை இப்போது என்னைவிட உரக்கப் பேசுகிறது.

உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. முடிவு சொன்ன அன்று மாலையே பெரிய டாக்டர் பதக்கத்தைக் கடைவீதித் தட்டாரிடம் கொடுத்து, பின்பக்கத்தில் உன் பெயரை வெட்டச் சொல்லிவிட்டாராம். விழா நாளன்று, நாம் வாசலில் நின்ற பிறகு, அவசர அவசரமாக அதைத் தேய்த்தெடுத்து என் பெயரை வெட்டியிருக்கிறார்கள். கொழும்புக்குப் போன பிறகுதான் விரலால் தடவிக் கண்டுபிடித்தேன். வெள்ளி அங்கே குழிந்து மெலிந்திருக்கிறது. உன் பெயரின் கடைசி எழுத்தில் ஒரு கோடு மட்டும் ஆழமாக இறங்கிவிட்டது. அதையும் எடுத்தால் தகடு ஓட்டையாகும் என்று தட்டார் விட்டிருக்க வேண்டும். என் பெயரின் குறுக்கே அது ஓடுகிறது. பார்க்கிறவர்கள் கீறல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். போன வாரம் இந்த வருடத்துத் தேர்வை நடத்துகிறவர்கள் பழைய பதக்கம் ஒன்றைப் பார்க்கக் கேட்டு வந்தார்கள். நான்கைந்து பேர் சூழ்ந்து நின்று பார்த்தார்கள். அவர்களில் ஒருவர், இதைக் கொடுத்தால் கீறல் போக மெருகு போட்டுக் கொண்டுவந்து தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். அவருக்குக் காது கேட்கவில்லை போலிருந்தது. அத்தனை பேர் முன்னாலும் இன்னொரு தடவை, உரக்கச் சொன்னேன்.